இரண்டாம் சீட்டு

எட்டு அணியில் ஏழாவதாக வந்தோம் போன வருஷம்.
அதற்குப் பரிசாக இந்த வருஷம்
இரண்டாம் சீட்டு எங்களுக்கு.
தோற்றவன் முதலில் ஆள் எடுக்கட்டும் என்று
சங்கத்து நோட்டில் எழுதிவைத்தவன்
நல்ல மனசுக்காரனாக இருக்கணும்,
இல்லை, கடைசியில் வந்தவனாக.

முதல் சீட்டு சிங்காரத்தோப்புக்கு.
அவர்கள் கோல்கீப்பரைத்தான் எடுப்பார்கள்.
பழைய கீப்பர் பெண்ணெடுத்த ஊரிலேயே,
திண்டிவனத்தில், தங்கிவிட்டான்.
ஆக, பலகையில் மிச்சமிருக்கிற பெரிய பேர்
இளவழுதி.
நெய்வேலிப் பையன், இடது காலன்,
சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை.
பந்து அவனிடம் போனால்
எதிரணி பின்காவல் பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி
எங்கே நிற்பதென்று தெரியாமல் நிற்பான்.

ஒரு வாரமாக என் போன் ஓயவில்லை.
மஞ்சக்குப்பம் புருஷோத்து:
"ரெண்டைக் குடு, அஞ்சும் பன்னிரண்டும் எடுத்துக்க.
கூட ஒரு ஜோடி வலை, ஒரு சீசன்தான் கட்டினது."
தேவனாம்பட்டினம்:
நாலாம் சீட்டு, அதோடு அஞ்சாபுலி.
மலை மாதிரி நிற்பான் அஞ்சாபுலி,
மீன்பாடு இல்லாத ஞாயிறுகளில்.
நெல்லிக்குப்பத்துக்காரர்கள்
அடுத்த வருஷத்து முதல் சீட்டையே தருகிறார்களாம்.
அடுத்த வருஷம் என்பது எங்கள் ஊரில்
வங்கக்கடலில் புயலுக்குப் பேர் வைக்கும்வரைதான்.

ஏலச்சீட்டு கட்டி வளர்ந்தவன் நான்.
அவசரக்காரன் கழிவு கொடுத்து எடுப்பான்,
பொறுத்தவனுக்கு முழுசாக வரும்.
எனக்கு அவசரமா, பொறுமையா?
பாழாய்ப்போன ஒரு சாதிச் சான்றிதழ் நகலின் முதுகில்
கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.
ஐந்தும் பன்னிரண்டும் இரண்டைவிடப் பெரிசு.
இது எல்.கே.ஜி. கணக்கு.

ஆனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம்
என் ஜெராக்ஸ் கடைக்கு அவன் வந்திருந்தான்.
பாஸ்போர்ட் முன்பக்கம், பின்பக்கம்,
தோஹா கம்பெனிக் கடிதம்,
எல்லாம் ரெண்டு ரெண்டு.
பிப்ரவரி இருபதுக்குள் சேரணும் என்று
கண்ணாடிக்கு அடியில் பச்சை வெளிச்சம்
ஒரு தடவை போய்
ஒரு தடவை திரும்பி வந்து
எனக்கு வாசித்துக் காட்டியது.
"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணா.
அட்வான்ஸ் பணம் கைக்கு வரலை இன்னும்."
ஆறு பக்கம், பன்னிரண்டு ரூபாய்.
வாங்கி டப்பாவில் போட்டேன்.

பதினான்கு ஞாயிறு லீக்.
அவன் இருக்கப்போவது ஐந்து.
புருஷோத்து தலையில் கட்டிவிடலாம்,
அவன் போன வருஷம் எனக்குக் கட்டியதைப் போல:
முட்டி போன ஒரு வலது விங்,
"சும்மா சுளுக்கு" என்று சொல்லி.
கட்டினால், பன்னிரண்டு ரூபாய்க்கு
ஒருத்தன் ரகசியத்தை வாங்கி
ரெண்டு சீட்டுக்கு விற்றவன் ஆவேன்.
காரணம் சொல்லாமல் அவனைத் தாண்டி
வேறு பேரைச் சொன்னாலும்
ஊர் ஒரு மணி நேரத்தில் மோப்பம் பிடிக்கும்.

சங்க அறை. உப்பனாற்று வாடை.
எட்டுப் பேருக்கு ஐந்து டீ கிளாஸ்.
சிங்காரத்தோப்பு சொன்னபடியே கீப்பரை எடுத்தது.
இளவழுதி பின்சுவரில் சாய்ந்து
என்னைப் பார்க்காமலிருக்க ரொம்பச் சிரமப்பட்டான்.
புருஷோத்து மேசைக்கடியில்
ஐந்து விரலைக் காட்டினான்,
அப்புறம் பத்தும், அப்புறம் ரெண்டும்.

"இளவழுதி" என்றேன்.

"பேராசைடா உனக்கு" என்று சிரித்தான் புருஷோத்து.
எங்கள் பையன்கள் மேசையைத் தட்டினார்கள்.
மாசிலாமணி விசிலே அடித்துவிட்டான்.
அவர்களுக்கும் நான் சொல்லவில்லை.
அதைத்தான் ராத்திரி முழுக்க
புரட்டிப் புரட்டிப் படுத்தேன்.

காலையில் ஷட்டரைப் பாதி தூக்கும்போதே
வந்து நின்றான்.
"மாத்தியிருக்கலாமேண்ணா" என்றான்.
மெஷின் சூடேறிக்கொண்டிருந்தது.
கையில் ஏதோ காகிதம் வைத்திருந்தான்.
"கலரா, கருப்பு வெள்ளையா?"
என்று கேட்டேன்.